நான்கில் மூன்று: எங்கள் ஜெர்மன் வகுப்பின் ஆண்டுக் கணக்கு

[காட்சி: வேலூர்ச் சாலை. பள்ளி வாசல்களில் ஃபிளெக்ஸ் பேனர்கள்.]

மே மாதம் பிறந்தால் வேலூருக்கு அக்னி நட்சத்திரம் வரும். கூடவே ஃபிளெக்ஸ் பேனரும் வரும். பள்ளி வாசலில் மாணவர் முகம், முகத்துக்குக் கீழே மதிப்பெண், அதற்கும் கீழே தாளாளர் கைகூப்பி நிற்கும் படம். தாளாளர் படம்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்.

எங்கள் பள்ளிக்கு வாசலே இல்லை. ஒருபுறம் சத்துவாச்சாரியில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, சிவப்பு மைப் பேனா. மறுபுறம் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று ஊருக்கு ஒரு கைப்பேசி. இந்த ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் மிச்சமிருந்த வேலூர் மூன்றானது. எங்கள் வாட்ஸ்அப் குழு மட்டும் இன்னும் பிரியவில்லை.

பேனர் கட்ட இடமில்லாததால் ஆண்டு முடிவில் இந்த வீடியோ. யார் என்ன சாதித்தார்கள் என்று சொல்கிறேன். ஆனால் ஜெர்மன் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அந்தச் சாதனையை அளக்க முடியாது. ஆகையால் முதலில் தேர்வு.

[காட்சி: பலகையில் ஆறு படிகள் வரையப்படுகின்றன.]

மொழித்திறனை ஆறு நிலைகளாகப் பிரித்து, அந்த அளவுகோலை 2001இல் வெளியிட்டது ஐரோப்பியக் கவுன்சில். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. எங்களிடம் வருகிறவர்களை எந்தப் படி வரை ஏற வேண்டும் என்று கேட்டாலே கதை பாதி தெரிந்துவிடும். வாணியம்பாடியில் திருமணமான பெண், கணவர் ஜெர்மனியில் இருக்கிறார் என்றால் ஏ1. துணைவர் விசாவுக்குப் பொதுவாக அந்த அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். அங்கே போய்த் தொழிற்பயிற்சியில் சேர நினைக்கும் பையனுக்குப் பொதுவாக பி1. பதிவு பெற்ற நர்ஸ் அங்கேயும் நர்ஸாகவே வேலை பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பி2.

எங்கள் குழுவில் நர்ஸ்கள்தான் அதிகம். வேலூரில் அப்படி இல்லாவிட்டால்தான் வியப்பு. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. 1909இல் அவரே நர்ஸிங் பள்ளியையும் தொடங்கினார். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு சிஸ்டர் இருப்பார். வகுப்பிலும் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். வீடியோவில் முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்கிறபோது, எந்த சிஸ்டர் என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி பி1. இந்த ஆண்டு அதிகம் பேர் முட்டி மோதிய இடம் இதுதான்.

[காட்சி: நான்கு கட்டங்கள். படித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுதுதல் 60, பேசுதல் சுமார் 15.]

ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் நிறுவனமான கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் பி1 தேர்வு ஒரே தேர்வல்ல, நான்கு தேர்வுகள். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். படித்தலில் 90 எடுத்துவிட்டு அதை எழுதுதலுக்குக் கடன் கொடுக்க முடியாது. கூட்டிக் கழித்து சராசரி பார்க்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மூன்றில் தேறி ஒன்றில் தவறினால் அந்த மூன்றும் கையில் நிற்கும். தவறிய ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

இந்த மறுபக்கத்தை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைப்பதற்குத்தான் இந்த ஆண்டு நான் அதிகம் பாடுபட்டேன்.

குடியாத்தத்திலிருந்து படிக்கும் சிஸ்டர் ஒருவர். இரவுப் பணி முடிந்து வந்து, காலை ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதி, படம் பிடித்து அனுப்புவார். முதல் முயற்சியில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் தேர்ச்சி. எழுதுதலில் 58. அன்று மாலை அவருடைய அண்ணன் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். "மேடம், தங்கை ஃபெயில் ஆகிவிட்டாளாமே, இனிமேல் விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். முக்கால் வீடு கட்டியாகிவிட்டது, மீதிக் கூரையை மட்டும் போட வேண்டும், அதற்குள் ஏன் இடிக்கிறீர்கள் என்றேன். இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டதே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே இரண்டு மதிப்பெண்தான்.

[காட்சி: கோடிட்ட தாளில் கையெழுத்து. சிவப்புத் திருத்தங்கள்.]

அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது? விடைத்தாள் நமக்குத் திரும்பி வராது. ஆகவே அதே மாதிரி வினாவை மறுபடி எழுதச் சொன்னேன். எழுதுதலில் மூன்று பணிகள் உண்டு. நண்பருக்கு 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். பொது விவாதம் ஒன்றில் 80 சொல்லில் தன் கருத்து. மூன்றாவதாக, ஆசிரியருக்கோ மேலதிகாரிக்கோ 40 சொல்லில் மரியாதையோடு ஒரு குறிப்பு. முதல் இரண்டையும் நன்றாகவே எழுதியிருந்தார். மூன்றாவதைத் தொடங்கும்போது "ஸீ", அதாவது நீங்கள். பாதியில் "டூ". நீ! மேலதிகாரியிடம் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே "நீ எப்போது ஓய்வாக இருப்பாய்?" என்று கேட்டிருந்தார்.

நீ, நீங்கள் வேறுபாடு தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமை நர்ஸை இவர் கனவில்கூட நீ என்று சொல்லமாட்டார். நண்பருக்கு எழுதிய கை அதே ஓட்டத்தில் போய்விட்டது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜெர்மனில் "ஸீ" என்றால் நீங்கள். அவள், அவர்கள் என்பதற்கும் அதே ஒலிதான். எழுதும்போது முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் நீங்கள். இவர் எல்லா இடத்திலும் சிறிய எழுத்தே போட்டிருந்தார். பணிவாகப் பேச நினைத்து, யாரோ ஒரு மூன்றாம் நபரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் நாளைக்கு ஒரு 40 சொல் குறிப்பு எழுதினார். நவம்பரில் எழுதுதலை மட்டும் மறுபடி எழுதித் தேறினார். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் பேனர் இவருக்குத்தான். முதல் முயற்சியிலேயே நான்கையும் முடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் கைதட்டல் உண்டு.

[காட்சி: காட்பாடி ரயில் நிலையம், விடியற்காலை.]

பாடம் தொலைவிலிருந்து நடத்தலாம், தேர்வுக்கு நேரில் போயாக வேண்டும். பெரும்பாலோர் சென்னைக்குத்தான் போனார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து விடியலில் புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஒருவர் வாணியம்பாடியில் ஏற, ஒருவர் ஆம்பூரில், ஒருவர் காட்பாடியில். ஓர் ஆண்டாகக் குரலால் மட்டுமே தெரிந்தவர்கள் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அந்த ரயில் பெட்டியில்தான்.

சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட்டுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். அந்த மாக்ஸ் முல்லர் 1823இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில் பிறந்தவர். ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. எல்லாப் படிப்பும் தொலைவிலிருந்தே. எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியலில் அவரைச் சேர்க்கலாமா என்று எனக்கு ஓர் ஆசை.

சும்மா சொல்லவில்லை. தொலைவழி மொழிப் பாடத்துக்கும் ஜெர்மனிக்கும் பழைய உறவு. 1856இல் பெர்லினில் சார்லஸ் துசான், குஸ்தாவ் லாங்கன்ஷைட் என்ற இருவர் பிரெஞ்சு மொழியைக் கடிதங்கள் வழியாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தாளில் எழுதித் தீர்க்க வேண்டிய உச்சரிப்பை, நாங்கள் குரல்பதிவில் அனுப்புகிறோம்.

[காட்சி: அருகில் ஒரு வாய். உதடுகள் மட்டும்.]

எடுத்துக்காட்டாக ஐந்து என்ற எண். தமிழில் ஃப்யூன்ஃப் என்று எழுதி வைத்தால் அது சரியல்ல. அந்த உயிரொலிக்கு நம்மிடம் எழுத்தே கிடையாது. ஆனால் அதைச் செய்யும் உறுப்புகள் எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. இப்போது செய்து பாருங்கள். "ஈ" என்று நீட்டிச் சொல்லுங்கள். நிறுத்தாதீர்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் "ஊ" சொல்வதுபோல் குவியுங்கள். வந்ததா? அதுதான். ராணிப்பேட்டையில் ஒரு மாணவர் கண்ணாடி முன்னால் நின்று இதைப் பழகியபோது, பக்கத்து வீட்டுக் குழந்தை சீட்டியடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னதாம்.

இலக்கணத்தில் தமிழர் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். "ஏனென்றால்" என்பதற்கான "வைல்" வந்தால், ஜெர்மன் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் அங்கே திணறுவார். நமக்கோ வினை கடைசியில் வருவது தாய்ப்பால் பழக்கம். அந்த மகிழ்ச்சி அடுத்த வாக்கியம் வரைதான். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும், நம் ஆட்கள் அதையும் கடைசிக்குத் தள்ளுவார்கள். சொற்களின் ஆண்பால், பெண்பால் விஷயத்தில் அறிவுரை எதுவும் உதவாது. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. சிறுமியைக் குறிக்கும் சொல்லும் கத்தியின் கட்சியில்தான் இருக்கிறது. தொல்காப்பியரின் திணைப் பாகுபாட்டில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு மனப்பாடம் செய்வார்கள். வேறு வழியில்லை.

பேசுதல் பயிற்சியில் இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்தது ஓர் உரை. உள்ளூர் உணவுப் பொருள் பற்றிப் பேசச் சொன்னேன். எல்லாரும் ஆம்பூர் பிரியாணியும் ஆற்காடு மக்கன் பேடாவும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பேசினார்கள். ஒரு பையன் மட்டும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய். கத்தரிக்காய்க்கு ஜெர்மனில் "ஓபர்ஷீனெ". முள்ளுக்கு "டோர்ன்". காம்பில் முள் இருக்கும், பறிக்கும்போது கையில் குத்தும், அதனால் பாட்டி துணி சுற்றிக்கொண்டு பறிப்பார் என்று மூன்று நிமிடம் பேசினான். நான்கு பிழைகள். ஒன்றையும் நடுவில் நிறுத்தித் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

[காட்சி: கூட்டல் கழித்தல் எழுதிய பழைய கரும்பலகை.]

எந்தத் தேர்வும் எழுதாத ஒரு மாணவரும் உண்டு. ஆற்காட்டில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பேரன் ஜெர்மனியில் வளர்கிறான். எங்களுக்கு ஐயா. அவருக்கு ஜெர்மானியர்மேல் ஒரே ஒரு வழக்கு: எண்ணைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். 48 என்பது அவர்களுக்கு எட்டும் நாற்பதும். காதில் முதலில் விழுவது எட்டு. கை உடனே 8 என்று எழுதிவிடும், பிறகு நாற்பது வரும்போது 84 ஆகிவிடும். "இடமதிப்பு தெரியாதவர்கள் எப்படிம்மா இவ்வளவு கார் செய்தார்கள்?" என்று கேட்டார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டைக் கேட்டதும் ஒரு கட்டம் இடம்விட்டு வலப்பக்கம் எழுத வேண்டும், நாற்பது வந்ததும் விட்ட இடத்தில் நிரப்ப வேண்டும். இப்போது வகுப்பு முழுவதும் அவர் வழிதான். அக்டோபரில் நான் படித்த தொலைபேசி எண்ணை அவர் முதல்முறையாக ஒரு பிழையும் இல்லாமல் எழுதி, தாளின் மூலையில் தானே சரி என்று குறியிட்டுக் கையொப்பமும் போட்டு அனுப்பினார்.

இனி எங்கள் பக்கத்துத் தவறு ஒன்று. மாதிரித் தேர்வை மே மாத நடுவில் வைத்தேன். நாள்காட்டியில் ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்தேன். அன்று வைகாசி 1. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மேளச் சத்தத்துக்கு நடுவில் கேட்டல் தேர்வு எழுத முயன்ற இருவரும், எழுதாமல் கும்பிடப் போன மற்றவர்களும் என்னை மன்னிக்க வேண்டும். போனவர்கள்தான் சரி.

[காட்சி: மேசை. புது நோட்டுப் புத்தகங்கள்.]

அடுத்த ஆண்டுச் செய்திகள். ஏ1 புதுக் குழு பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடங்கும். இரவு எட்டரை மணி வகுப்பு அப்படியே தொடரும். இரவுப் பணிக்குப் போகும் சிஸ்டர்களுக்காகக் காலைக் குழு ஒன்றும் சேர்கிறது. பி1 முடித்தவர்கள் பி2வுக்கு வரலாம், அங்கேயும் நான்கு தனித்தனித் தேர்வுகள்தான். சான்றிதழ் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குக் காலாவதித் தேதி இல்லை. ஆனால் கேட்கும் இடங்கள் பலவும் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுப்பாடத்தைக் கையால்தான் எழுத வேண்டும். நீல மை, கோடிட்ட தாள், இடப்பக்கம் ஓரம் விட்டு. சிவப்பு மை என் செலவு. படம் பிடிக்கும்போது உங்கள் கை நிழல் தாளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம் ஒருவருடைய வினைச்சொல் முழுவதும் கட்டைவிரல் நிழலுக்குள் போய்விட்டது. அதற்கு மதிப்பெண் போட்டேனா இல்லையா என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.