ரத்தத்தில் தேங்கும் அமினோ அமிலங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய் என்றாலே மாவுச்சத்து, கொழுப்பு என்றுதான் பேச்சு போகும். புரதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் புரதம் சின்னச் சின்ன அமினோ அமிலங்களால் ஆனது; உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் அவற்றில் சில கூடுதலாக இருப்பதை மருத்துவ ஆய்வாளர் பிலிப் ஃபெலிக் குழுவினர் 1969-லேயே எழுதிவிட்டார்கள். லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவற்றைக் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் என்கிறோம். உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

பிறகு 2011-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களை நெடுங்காலமாகக் கவனித்துவரும் ஆய்விலிருந்து ஒரு முடிவு வந்தது. ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்த 2,422 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 201 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தொடக்கத்தில் எடுத்து வைத்த ரத்தத்தைப் பார்த்தால், பின்னால் நோய் வந்தவர்களுக்கு இந்த மூன்றும், கூடவே டைரோசின், ஃபீனைல்அலனினும் அப்போதே உயர்ந்திருந்தன. சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே! இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சரி, அப்படியானால் புரதத்தைக் குறைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். தொட்டி நிரம்பி வழிகிறது என்றால் தண்ணீர் அதிகம் வருகிறது என்றுதான் அர்த்தமா? வடிகால் அடைத்திருந்தாலும் வழியும். இங்கே வடிகாலில்தான் கோளாறு அதிகம். இந்த அமிலங்களை எரிப்பதில் ஒரு முக்கியமான படியை நடத்தும் என்சைமின் வேகம், பருமனோ இன்சுலின் எதிர்ப்போ (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை) உள்ளவர்களின் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் குறைந்துவிடுகிறது. எரியாதது ரத்தத்தில் தேங்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததாலேயே அளவு ஏறுகிறது என்பதற்கு மரபணு ஆய்வுகளும் ஆதரவு தருகின்றன. தேங்கியதும் சும்மா இருப்பதில்லை. லூசின் செல்லுக்குள் எம்டார் என்ற வளர்ச்சிப் பாதையைத் தூண்டும். அது ஓயாமல் இயங்கினால் இன்சுலினின் சைகை மங்கும். வேலின் சிதையும்போது வரும் ஒரு பொருள் தசைக்குள் கொழுப்பு புகுவதைக் கூட்டுகிறது. ஆக, காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர் நியூகார்ட் குழுவினர் எலிகளில் கண்டதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு மிகுந்த தீனியோடு இந்த அமிலங்களைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த எலிகள் குறைவாகவே தின்றன, எடையும் குறைவாகவே ஏறின. அப்படியும் இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டது. கொழுப்பும் இவையும் சேரும்போதுதான் சிக்கல் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எடையைக் குறைக்க முயல்பவர் புரதத்தைக் கைவிட்டால் தசையை இழப்பார். சாப்பிட்ட குளுக்கோஸில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசை. அப்புறம், புரதம் வயிறு நிறைந்த உணர்வும் தரும். ஆகவே புரத உணவைக் கண்டு பயப்பட வேண்டாம். நடக்கும், எடை தூக்கும் தசைக்கு இந்த அமிலங்களை எரிக்கத் தெரியும். ஆனால் இந்த மூன்றை மட்டும் பொடியாக அடைத்து விற்கிறார்களே, அதை உடற்பயிற்சியே இல்லாத, பருமனான ஒருவர் வாங்கிக் குடிப்பதற்கு எந்த அவசியமும் எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகள் மட்டும், புரதத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.