ஒரு பாட்டில் கண்மாய்ச் சேறு

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். இன்றைக்கு ஒரு பாட்டில் சேற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

உணவுச் சங்கிலி என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். சூரியன், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. கடைசியில் 'சிதைப்பவை' என்று ஒரு வார்த்தை, அத்தோடு பாடம் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன, அவை மாடி மாடியாக எப்படி இடம் பிடித்து வாழ்கின்றன என்பதைப் படம் போட்டு விளக்கினால், பிள்ளைகள் படத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். அதைக் கண்ணால் பார்க்க வைக்க முடியும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் சேறும் போதும், மைக்ரோஸ்கோப் கூட வேண்டியதில்லை.

இதற்கு வினோகிராட்ஸ்கி தூண் என்று பெயர். செர்கெய் வினோகிராட்ஸ்கி என்கிற நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரின் பெயர்தான் அது. 1856இல் கீவ் நகரில் பிறந்தவர். 1880களில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்தபோது, கந்தக ஊற்றுகளில் வெள்ளை நூல் மாதிரி வளர்கிற பெக்கியட்டோவா என்ற பாக்டீரியாவை எடுத்து ஆராய்ந்தார். கூமுட்டை நாற்றம் அடிக்குமே ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த வாயுவை ஆக்ஸிஜனோடு சேர்த்து அதிலிருந்தே இது பிழைப்புக்குச் சக்தி எடுத்துக்கொள்கிறது என்று 1887இல் எழுதினார். தாதுப் பொருளைக் கொண்டு ஓர் உயிர் பிழைக்க முடியும் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. 90 வருஷம் கழித்து, 1977இல், கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, வெளிச்சமே எட்டாத இடத்தில் புழுவும் சிப்பியும் நண்டுமாக ஒரு பெருங்கூட்டம் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குச் சோறு போடுவதும் இதே பிழைப்பு நடத்துகிற பாக்டீரியாக்கள்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். எங்கள் பக்கம் சேறு என்றால் கண்மாய்தான். கரையோரம் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினால் மேலே பழுப்பாக இருக்கும், உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கும். அந்தக் கருப்புதான் நமக்கு வேண்டும். கடலோரத்துப் பிள்ளைகள் கழிமுகத்துச் சேற்றை எடுக்கலாம். கடல் தண்ணீரில் சல்ஃபேட் தாராளமாக இருப்பதால் அது இதற்கு ரொம்பப் பொருத்தம். கல், குச்சி, நத்தை எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, அதே இடத்துத் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, ஒரு கைப்பிடி பழைய செய்தித்தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டு, இரண்டு முட்டை ஓட்டையும் இரண்டு சாக்பீஸையும் இடித்துக் கலக்க வேண்டும். காகிதத்தில் இருக்கிற செல்லுலோஸ் சாப்பாடு. ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். சாக்பீஸைச் சுண்ணாம்புக்கட்டி என்கிறோமே தவிர, கடையில் வாங்குவது பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். கந்தகம் அதிலிருந்து கிடைக்கும். வீட்டில் கடலை போடுகிறவர்கள் என்றால், மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கலவை பாட்டிலின் அடியில், மீதிச் சேறு அதற்கு மேல். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தரையில் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு, மேலே மூன்று விரற்கடைத் தண்ணீர் விட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டு, மூடியைத் தளர்வாக வையுங்கள். நான் முதல் வருஷம் இறுக்கி மூடிவிட்டேன். பத்து நாளில் பாட்டில் உப்பி நின்றது, ஒரு பையன் என்னவோ ஏதோ என்று திறக்க, சேறு சுவர் வரைக்கும் தெறித்து அன்றைக்கு முழுக்க அந்த அறையில் உட்கார முடியவில்லை. உள்ளே இருப்பவை மூச்சுவிடுகின்றன, வாயு வெளியே போக வழி வேண்டும். அப்புறம், சேற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பாட்டிலை ஜன்னல் ஓரம் வையுங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம். இனிமேல் அசைக்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். தண்ணீர் கலங்கிக் கிடக்கும், வேறொன்றும் தெரியாது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. சேற்றில் இருந்த கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனைப் பாக்டீரியாக்கள் தீர்த்துவிட, ஆக்ஸிஜன் இருந்தாலே வாழ முடியாத வகைகள் காகிதத்தை அரித்துத் தின்னத் தொடங்க, அவை கழித்துப் போட்டதை இன்னொரு வகை எடுத்துக்கொண்டு சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்ற, அந்த வாயு மண்ணில் இருக்கிற இரும்போடு சேர்ந்து அடிப்பக்கம் கருத்துக்கொண்டே வரும். அந்தக் கருப்பு இரும்பு சல்ஃபைடு. கண்மாய்க் கருப்புச் சேற்றில் கொஞ்சத்தை ஒரு தட்டில் தடவிக் காற்றுப் பட வைத்துப் பாருங்கள், பழுப்பாகிவிடும்.

இப்போது பாட்டிலில் மேலிருந்து ஆக்ஸிஜன் இறங்குகிறது, கீழிருந்து சல்ஃபைடு ஏறுகிறது. யாருக்கு எது எவ்வளவு தாங்குமோ அதைப் பொறுத்துத்தான் இடம். சல்ஃபைடு அதிகம் தாங்குகிற பச்சைக் கந்தகப் பாக்டீரியா கீழே, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தாங்குகிற ஊதா நிறக் கந்தகப் பாக்டீரியா அதற்கு மேலே, இன்னும் மேலே துருச்சிவப்பில் ஒரு வகை, சேறும் தண்ணீரும் சேருகிற விளிம்பில் சில சமயம் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பெக்கியட்டோவா, தண்ணீரில் பாசி. பச்சையும் ஊதாவும் வெளிச்சத்தில்தான் உணவு தயாரிக்கின்றன, ஆனால் தண்ணீருக்குப் பதில் சல்ஃபைடை எடுத்துக்கொள்வதால் ஆக்ஸிஜன் வெளிவராது. பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்; அதற்கு முன்பிருந்த உலகத்தில் ஒரு துண்டு இந்தப் பாட்டிலின் அடியில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கும். வயலில் நெற்பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், துரு நிறத்தில் பூச்சு இருக்கும். இலை வழியாக வந்த காற்று வேரிலிருந்து கசிந்து, சுற்றியிருக்கிற இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. பாட்டிலில் நடப்பது வயலிலும் நடக்கிறது.

நிறங்கள் தெளிவாகத் தெரிய ஆறு வாரமாவது ஆகும், இரண்டு மாதமும் ஆகலாம். வாரம் ஒரு நாள், பாட்டிலின் வெளிப்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டு, கலர் பென்சிலால் வரைந்து தேதி போட வேண்டும். நான் ரொம்பக் கண்டிப்பாக இருந்தது இதில்தான். ஒரு வருஷம் ஒரு மாணவி ரெக்கார்டு நோட்டில் ஐந்து நிறப் பட்டைகளையும் அடுக்கடுக்காக அழகாக வரைந்து கொண்டுவந்தாள். அவளுடைய பாட்டிலில் கருப்பும், எட்டணா அளவுக்கு ஒரு செந்நிறப் புள்ளியும் தவிர வேறெதுவும் இல்லை. "டீச்சர், படத்துல இப்படித்தான இருக்கு" என்றாள். திட்டவில்லை. பாட்டிலையும் ஸ்கேலையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இருப்பதை மட்டும் வரைம்மா என்றேன். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், "டீச்சர், செவப்பு ஜன்னல் பக்கம் மட்டுந்தான் இருக்கு, செவுத்துப் பக்கம் ஒண்ணுமே இல்ல" என்றாள். அது எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் சொன்னது இல்லை.

அடுத்த வாரமே தானாக இன்னொரு பாட்டில் நிரப்பி, முழுக்கக் கருப்புத் தாள் சுற்றி வைத்தாள். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே கருப்பு மட்டும்தான். வகுப்பில் எல்லோரும் அதைக் கொட்டிவிடலாம் என்றார்கள். அவள் விடவில்லை. தாளை எடுத்துவிட்டு அதே ஜன்னலில் வைத்தாள். நாலாவது வாரம் காலையில் பிரேயருக்குக்கூட நிற்காமல் என்னைத் தேடி ஓடிவந்தாள். அடியிலிருந்து 11 சென்டிமீட்டரில், வெளிச்சம் படுகிற பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு செந்நிறப் புள்ளி.