ரோத்தான் வசனத்தோடு நின்றுவிடுகிறோம்

வணக்கம் மக்களே! பினாங்கு பாடாங் கோத்தா லாமாவில் கடலோரமாக நின்று பேசுகிறேன். காற்றுச் சத்தம் மைக்கில் விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகம். கண்டிப்பு என்றாலே நம்ம வீடுகளில் முதலில் வாயில் வருவது 13:24 தான். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." அலமாரி மேலே ரோத்தான் பிரம்பு, அதற்குத் துணையாக இந்த வசனம். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதும் இரண்டுக்கும் வேலை முடிந்துவிடும். அப்புறம் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சபையில் மூப்பராகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதே புத்தகத்தில் 17:10 என்ன சொல்கிறது? மூடனை நூறு அடி அடிப்பதைவிட, புத்திமானை வாயினால் கண்டிப்பதே அதிகமாய் உறைக்கும். அப்படியென்றால் ரோத்தான் தேவைப்படாத ஆள்தான் புத்திமான். 12:1 இன்னும் காரமானது. கடிந்துகொள்ளுதலை வெறுக்கிறவன் மிருககுணமுள்ளவனாம். இதெல்லாம் பெரியவர்கள் காதுக்கும் சேர்த்து எழுதியது.

கண்டித்தபோது இரண்டு ராஜாக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். யூதாவின் ராஜா ஆசா மோசமானவர் இல்லை. விக்கிரகங்களை அகற்றினவர், அதற்காகத் தன் தாய் என்று வேதம் சொல்லும் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினவர். கடைசிக் காலத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா நெருக்கியபோது, கர்த்தருடைய ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டார். அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரர் வந்து, இது தப்பு என்றார். ஆசா அவரைத் தூக்கிக் காவலறையில் போட்டார். 2 நாளாகமம் 16-இல் இருக்கிறது. அத்தனை நல்லது செய்தவருக்கு ஒரு ஆள் சொன்ன ஒரு பேச்சைத் தாங்க முடியவில்லை.

தாவீது செய்தது இதைவிடக் கொடுமை. தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவைத்தார். தீர்க்கதரிசி நாத்தான் வந்து, பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொல்ல, தாவீது கொதித்துப்போய்த் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். ஆசாவுக்கு இருந்த அதே அதிகாரம் தாவீது கையிலும் இருந்தது. இவரும் சிறையில் போட்டிருக்கலாம். போடவில்லை, பாவம் செய்தேன் என்றார். பின்னால் பத்சேபாளிடம் பிறந்த ஒரு மகனுக்கும் நாத்தான் என்றுதான் பெயர். தீர்க்கதரிசியை நினைத்து வைத்த பெயர் என்று வேதம் சொல்லவில்லை, எனக்கு அப்படி நினைக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, திருத்துகிறவர் பக்கம் வருவோம். இங்கேதான் நாம் ரொம்பச் சொதப்புகிறோம். போதகர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தைத் தவறாகச் சொன்னால், பெனடிக்ஷன், அதாவது கடைசி ஆசீர்வாதம், முடிவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். அப்போஸ்தலர் 18-ஐ வாசியுங்கள். அலெக்சந்திரியாவிலிருந்து எபேசுவுக்கு வந்த அப்பொல்லோ நல்ல பேச்சாளர், வேதாகமங்களில் வல்லவர். ஆனால் யோவானுடைய ஞானஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். ஜெப ஆலயத்தில் அவர் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் உட்கார்ந்து கேட்டார்கள். எழுந்து நின்று மறுக்கவில்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதை விவரித்துச் சொன்னார்கள். கூடாரம் செய்து பிழைக்கிற ஒரு கணவனும் மனைவியும், படித்த மேடைப் பேச்சாளருக்கு! அவரும் கேட்டுக்கொண்டார். பிறகு கொரிந்துவில், "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று ஒரு கூட்டமே கிளம்பும் அளவுக்கு வளர்ந்தார்.

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டாரே என்று கமெண்டில் யாராவது எழுதத்தான் போகிறீர்கள். கேட்டார்தான், கலாத்தியர் 2. யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். அதைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபா கூட இழுபட்டார். சபை நடுவில் பரவிவிட்ட தப்புக்குச் சபை நடுவிலேயே பதில். ஞாயிற்றுக்கிழமை வசன எண்ணை மாற்றிச் சொன்ன போதகரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்றதைக் கமெண்டில் பேசுவோம், வருகிறேன்.