அவங்களும் தோண்டினாங்க, குளம்!

நடுவர் ஐயாவுக்கும், பொங்கல் சாப்பிட்ட மயக்கத்துலயும் தூங்காம உக்காந்திருக்குற பர்மா மோல்மீன் சொந்தங்களுக்கும் வணக்கம். தலைப்ப இன்னொரு தடவ சொல்லிடறேன், எதிரணி அண்ணன் பேசின வேகத்துல பாதிப் பேருக்கு மறந்திருக்கும்: "பூசந்திக்குப் பெருமை நிலமா இருக்குறதுலயா, கால்வாயா வெட்டுறதுலயா?" நான் நிலத்துப் பக்கம். பூசந்தின்னதும் எங்க அத்தை கேட்டாங்க, பூ விக்கிற சந்தியாடின்னு. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒல்லியா ஒரு இடுப்பு, அதுதான் மேல இருக்குற நிலத்தையும் கீழ இருக்குற நிலத்தையும் புடிச்சு வெச்சிருக்கு அத்தை. இடுப்ப வெட்டுங்கறார் அண்ணன்!

1869ல சூயஸ், 1914ல பனாமா, அடுத்து நம்ம பக்கத்துல தாய்லாந்தோட கிரா பூசந்தி, வெட்டிட்டா பர்மாவோட தெக்குக் கோடியில இருக்குற கௌதாங் இன்னொரு சிங்கப்பூர் ஆயிடும்னார். கைதட்டுனீங்க, நானும்தான் தட்டுனேன். ஆனா கணக்கு இடிக்குதே ஐயா. சூயஸ் இல்லேன்னா கப்பல் ஆப்பிரிக்காவையே சுத்தணும். கிராவுல கால்வாய் இல்லேன்னா மலாக்கா வழியா ரெண்டு மூணு நாள் கூட ஆகும், அவ்ளோதான். சிங்கப்பூர் பெருசானதும் அங்க கப்பல் நின்னதாலதான், விர்ருன்னு கடந்து போயிருந்தா காசு டோல் வாங்குறவனுக்கு மட்டும்தான்.

இந்த வெட்டுற ஆசை புதுசும் கிடையாது. 1677லயே, தாய்லாந்து சியாமா இருந்தப்போ, ராஜா நாராய் ஒரு பிரெஞ்சு இன்ஜினியர விட்டு, சோங்க்லாவுல இருந்து நம்ம மெர்கி வரைக்கும் வெட்டலாமான்னு பாக்க வெச்சார், முடியாதுன்னுட்டாங்க. 1946 ஒப்பந்தத்துல பிரிட்டிஷ்காரன், என்னைக் கேக்காம வெட்டக்கூடாதுன்னு எழுதியே வாங்கிட்டான். இப்போ தாய்லாந்து கவர்மென்ட் பேசுறது என்ன தெரியுமா, ரனோங்ல ஒரு துறைமுகம் சும்போன்ல ஒரு துறைமுகம் நடுவுல சுமார் 90 கிலோமீட்டருக்கு ரோடும் ரயிலும், அதுக்குப் பேரே லேண்ட் பிரிட்ஜ். அவங்களே நம்ம அணிக்கு வந்தாச்சு, அண்ணன் மட்டும் மண்வெட்டியோட நிக்கிறார்.

எங்க சித்தப்பா ரொம்ப நாள் கௌதாங்ல இருந்தவர், விக்டோரியா பாயிண்ட்னு சொன்னாத்தான் அவருக்கு அது ஊரு. படகுத்துறையில நின்னா எதிர்ல ரனோங். நீட்டு வால் மோட்டார் படகு, ஏறினா எஞ்சின் சத்தத்துல பக்கத்து ஆள் பேசுறது கேக்காது, டீசல் வாசம் சட்டையில ஒட்டிக்கும், போறவங்க காலடியில கருவாட்டு மூட்டை, வர்றவங்க மடியில சோப்பு, பிஸ்கெட் பெட்டி. அதே தண்ணியில மேல ஏறிப் போனா, ரொம்ப ஒல்லியான இடத்துல 44 கிலோமீட்டர்தான் ஐயா, அந்தப் பக்கம் அடுத்த கடல்.

அந்த நிலத்த நம்மாளுங்க நடந்தே கடந்தாங்க. ரனோங்குக்கு தெற்க தக்குவாபான்னு ஒரு ஊரு, இந்தப் பக்கம் கப்பல்ல இறங்கி, ஆத்துல ஏறி, மலை தாண்டி, அந்தப் பக்கம் வேற கப்பல். அங்க 9ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதுல என்ன இருக்கு? ஒரு குளம் தோண்டியிருக்காங்க, பேரு அவனிநாரணம், பல்லவ ராஜா மூணாம் நந்திவர்மன் பட்டப்பேரு, காவலுக்கு மணிக்கிராமம்ங்கற வணிகர் சங்கத்து ஆளுங்க. யோசிச்சுப் பாருங்க, சரக்கு மாத்த ஆளுங்க இறங்கி, மழைக்கும் காத்துக்கும் காத்துக்கிட்டு, மாசக்கணக்கா தங்கினதாலதானே குடிக்கத் தண்ணி தேவைப்பட்டுச்சு? இன்னும் கீழ கிராபிப் பக்கம் பொன் உரசுற கல் ஒண்ணு, அதுல தமிழோட பழைய எழுத்தான தமிழ் பிராமியில "பெரும்பதன் கல்"னு எழுத்து. ஒரு தட்டான் கடை போட்டு உக்காந்திருக்கான் ஐயா! கால்வாய்ல போற கப்பல்ல இருந்து எந்தத் தட்டான் இறங்குவான்?

நிலத்து வழியும் சுத்தமான கதையில்ல, ஒத்துக்கறேன். 1943ல ஜப்பான்காரன் கிராவுல ரயில் போட்டப்போ மலாயாவுல இருந்து கூலிங்களைப் புடிச்சிட்டு வந்தான், நம்ம சனமும் அதுல உண்டு. சயாமையும் பர்மாவையும் சேத்து அவன் போட்ட சயாம் மரண ரயில் வேற பாதை, அது வந்து முடிஞ்ச தம்புசயாட் இங்கேருந்து எவ்ளோ தூரம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா அண்ணன் பனாமாவப் பத்திப் பேசினப்போ, பிரெஞ்சுக்காரன் அங்க முதல்ல தோண்டின காலத்துல மட்டும் மலேரியாவுலயும் மஞ்சள் காய்ச்சல்லயும் 20 ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்கன்னு மதிப்பிடுறத விட்டுட்டார். இன்னிக்கும் அங்க ஒரு கப்பல் தாண்ட ஏரியில இருந்து சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி கடலுக்குப் போகுது. 2023ல மழை பொய்ச்சதும் கப்பல் எண்ணிக்கையக் குறைச்சாங்க, ஏன்னா அந்த ஏரித் தண்ணியத்தான் ஊரும் குடிக்குது.

மணி அடிக்கிறார் நடுவர், ஒரே ஒரு கேள்வி. குளத்துப் பேரு கல்லுல நின்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சூயஸ்ல தினம் தினம் அத்தன கப்பல் போகுதே, அண்ணே, ஒரு கப்பல் பேரு சொல்லுங்க. என்னது, எவர் கிவனா? அது 2021ல குறுக்கால ஆறு நாள் நின்னுபோச்சுண்ணே, அதனாலதான் உங்களுக்கே பேரு தெரியுது. நன்றி, வணக்கம்.