செவி வழியே அறிந்த ஊர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

டோக்கியோ மாநகரின் கிழக்கு ஓரத்தில், எதோகவா வட்டாரத்தைச் சேர்ந்த நிஷிகசாய் என்னும் பகுதியில் பதினொரு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினிப் பணிக்காக வந்த இந்தியர்கள் குடியேறத் தொடங்கிய இடம் அது. துவரம்பருப்பும் புளியும் நடந்துபோய் வாங்கும் தொலைவில் கிடைப்பதால் வயிற்றுக்கு அங்கே குறை இருந்ததில்லை. மொழிதான் குறையாக இருந்தது. வந்த புதிதில் எழுத்தும் புரியாமல், பேச்சும் வராமல், என்னிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு காதுகளே. அந்த நாட்டை நான் அறிந்துகொண்டது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் என்பதால், அதை வானொலியில் சொல்லக் கிடைத்த இந்த வாய்ப்பைப் பெரிதாக மதிக்கிறேன்.

காலை ஆறரை மணிக்கு எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் பியானோ ஒலி எழும். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு சிறிய வானொலிப் பெட்டியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, அதில் வரும் குரலுக்கு ஏற்பக் கைகளை உயர்த்தியும் இடுப்பை வளைத்தும் பத்து நிமிடம் உடற்பயிற்சி செய்வார்கள். 1928இல் தொடங்கி, போருக்குப் பின் சில காலம் நின்று, மீண்டும் உயிர்பெற்ற வானொலி நிகழ்ச்சி அது. கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். பயிற்சி முடிந்ததும் அன்றைய கட்டத்தில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். என் மகளின் அட்டையில் விழுந்த முதல் முத்திரைக்குப் பிறகுதான், அந்தப் பூங்காவில் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் உண்டானார்கள். நாங்கள் அதுவரை அங்கே வெறுமனே குடியிருந்தோம்.

மாலையில் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளிலிருந்து சிறுவர் பாட்டு ஒன்றின் மெட்டு ஊர் முழுவதும் பரவும். விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்புவதற்கான குறிப்பு அது என்றே பல மாதங்கள் நினைத்திருந்தேன். நிலநடுக்கமோ ஆழிப்பேரலையோ வந்தால் எச்சரிப்பதற்காக நிறுவிய கருவிகள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று நாள்தோறும் சோதிப்பதும் அதன் நோக்கம் என்று பின்னர் தெரிந்தது. ஆபத்துக்கென்று வைத்த கருவியை அன்றாடம் ஓர் இனிய மெட்டால் சோதித்துப் பார்க்கும் மக்கள் மேல் எனக்கு அன்றே பெரும் மதிப்பு ஏற்பட்டது.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், சமையலறையில் ஒட்டியிருந்த எழுத்து அட்டவணையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ‘அ, இ, உ, எ, ஒ’ என்று ஐந்து உயிரெழுத்துகள் முதலில் வந்தன. அடுத்து ‘க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ’ என்று வரிசைகள் தொடர்ந்தன. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இன்று ‘ஹ’ என்று ஒலிப்பது பழங்காலத்தில் ‘ப’ என்று ஒலித்தது என்பது மொழி அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. அதை அங்கே வைத்துப் பாருங்கள்: ‘த, ந, ப, ம, ய, ர, வ’. இடையில் லகரம் ஒன்று நீங்கலாக, நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிய வரிசையே அது. பௌத்தத் துறவிகள் சித்தம் என்னும் இந்திய எழுத்தையும் வடமொழி ஒலியியலையும் பயின்றதன் பயனாக அந்த அடுக்குமுறை ஜப்பானியருக்கு வாய்த்தது. தொண்டையில் தொடங்கி உதட்டை நோக்கி ஒலிகளை அடுக்கும் நெறி, இமயத்தையும் சீனத்தையும் கடலையும் தாண்டி எங்கள் வீட்டுச் சுவரில் அட்டவணையாகத் தொங்கியது. அதன் கடைசியில் தனித்து நிற்கும் எழுத்தும் நம் ‘ன்’ போன்ற ஒலிதான். அது தற்செயலான ஒற்றுமை என்றாலும், கேட்கும்போதெல்லாம் மகிழ்ச்சி தருகிறது.

அந்நிய நாட்டில் உடல்நலம் கெடும்போதுதான் மொழியின் அருமை தெரியும். ஒரு முறை பல்வலியோடு போனபோது மருத்துவர் என்னிடம், வலி ‘ஸுகிஸுகி’ என்று இருக்கிறதா, ‘சிகுசிகு’ என்று இருக்கிறதா எனக் கேட்டார். முதலாவது விண்விண்ணென்று தெறிப்பது, இரண்டாவது சுருக்சுருக்கென்று குத்துவது. இரட்டைக்கிளவியில் வளர்ந்தவனுக்கு அதை விளக்கவே தேவையில்லை. இலக்கணப் புத்தகத்தைக் கொண்டு மாதக்கணக்கில் எட்ட முடியாத நெருக்கம் அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது கிடைத்தது.

நாங்கள் எழுப்பிய ஓசைகளும் உண்டு. சமையலறைச் சன்னல் பொது நடைவழியைப் பார்த்திருப்பதால், ஊரிலிருந்து கொண்டுபோன குக்கரின் விசில் மாடி முழுவதும் கேட்கும். முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு, பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி, குனிந்து வணங்கி, “தொந்தரவுக்கு மன்னியுங்கள், உங்கள் வீட்டில் எரிவாயு எச்சரிக்கை மணி அடிக்கிறதோ என்று வந்தேன்” என்றார். என் மனைவிக்கு அப்போது சொல் வரவில்லை. அவரை உள்ளே அழைத்து, மூடியைத் திறந்து, குழைய வெந்த பருப்பைக் காட்டி, மூன்று விரல்களை நீட்டி, “பீ, பீ, பீ” என்று ஒலித்துக் காட்டினாள். மூதாட்டி கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு பருப்பை உற்றுப் பார்த்துத் தலையசைத்தார். கிண்ணத்தில் கொடுத்தனுப்பிய சாம்பார், மறுநாள் அதே கிண்ணத்தில் நான்கு ஆரஞ்சுகளாகத் திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத பழக்கம் அவர்களுக்கும் இருக்கிறது.

சென்ற இலையுதிர் காலத்தில் நாரா நகருக்குப் போயிருந்தோம். 736இல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்னும் இந்தியத் துறவி, 752இல் தோதைஜி ஆலயத்தின் பெரிய புத்தர் சிலைக்குத் தூரிகையால் கண் திறந்து வைத்தார். அதே ஆண்டில் வார்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 26 டன் எடையுள்ள வெண்கல மணி, குன்றின் மேல் ஒரு மண்டபத்தில் தொங்குகிறது. இரவு எட்டு மணிக்கு, கயிறுகளில் தொங்கும் பெருமரத்தைப் பின்னுக்கு இழுத்து அதன் மேல் மோத விட்டார்கள். ஓசை காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. நெடுநேரம் அலையலையாய் எழுந்து தாழ்ந்து, எப்போது ஓய்ந்தது என்று அறிய முடியாதபடி இருளில் கரைந்தது. கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமல் அந்த மண்ணிலேயே கண்மூடிய போதிசேனரின் செவியிலும் இந்த ஓசை விழுந்திருக்கும் என்று எண்ணியபோது, என் கண்கள் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று நாள் கழித்து வீடு திரும்பியபோது, மின்தூக்கி வாசலில் மூதாட்டி நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் இரு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “மூன்று நாளாகப் ‘பீ’ கேட்கவில்லையே, உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று தூக்கமே வரவில்லை” என்றார். பயணப் பெட்டிகளைப் பிரிக்குமுன் என் மனைவி பருப்பைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள்.