ஒன்றும் நடக்காத ஆல்பம்

வணக்கம் நேயர்களே. வானொலி முள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றால் ஒரு இரைச்சல் வருமே, அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கை தானாகப் போய் முள்ளை நகர்த்திவிடும். அதைவிடக் கனமான, கரடுமுரடான சத்தத்தை வேண்டுமென்றே உருவாக்கி ஆல்பமாக வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தேடிக் கேட்கிறவர்களும் உண்டு. நான் பல காலமாக அவர்களில் ஒருவன்.

ஹார்ஷ் நாய்ஸ் என்பார்கள். ஜப்பானில் மசாமி அகிடா, மெர்ஸ்போ என்ற பெயரில், 1979 முதல் இதில் இருக்கிறார். அவரிடம் சத்தம் தாவும், வெடிக்கும், திசை மாறும். இன்று நான் பேச வந்தது அதைவிட ஒடுங்கிய ஒன்று: நாய்ஸ் வால், இரைச்சல் சுவர். ஒரே சத்தம், தொடங்கிய இடத்திலேயே நிற்கும். பிரான்சில் வோமிர் என்ற பெயரில் இயங்கும் ரோமன் பெரோ, மாற்றமும் வேண்டாம் வளர்ச்சியும் வேண்டாம் என்பதையே தன் கொள்கையாக அறிவித்தவர்.

சரி, ஒன்றுமே நடக்காத ஆல்பத்தில் எது நல்லது, எது மோசம்? எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. உள்ளே இருக்கும் சரக்கு குறைந்தால் குறையை ஒளித்துவைக்க இடமும் குறைகிறது.

முதலில் நான் கேட்பது சத்தத்தின் மணல்தன்மையை. எல்லா அதிர்வெண்ணிலும் சம பலத்தோடு வரும் வெள்ளை இரைச்சலை எந்தக் கணினியும் ஒரு நொடியில் தரும். அது தட்டையாக இருக்கும், காது அதை ஓரமாகத் தள்ளிவிடும். நல்ல சுவரில் அடியில் ஒரு உறுமல் இருக்கும், மேலே படபடவென்று ஏதோ பொரியும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கொஞ்ச நேரத்தில் இல்லாத தாளங்கள்கூடக் கேட்கும். அதைக் கட்டுவது நம் மூளைதான், ஆனால் கட்டுவதற்கான சரக்கை அந்த ஆல்பம் தர வேண்டும். ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் என்ற கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இதைச் செய்கிறார்கள். ஒரு பெடல் கூடிப்போனால் போதும், பொரியல் மழுங்கி வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ மிஞ்சும். ஒரு ஆல்பத்தின் பெரும் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒலியளவைப் பாதி அளவுக்கும் கீழே குறையுங்கள். அப்போதும் அந்தப் பொரியல் தெரிந்தால் ஆல்பத்தில் விஷயம் இருக்கிறது. காணாமல் போனால், இவ்வளவு நேரம் நம்மை மிரட்டியது வெறும் வால்யூம். மறுபடி சொல்கிறேன்: குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் முடிவு. இதைப் பற்றி என்னால் எவ்வளவு நேரமும் பேச முடியும். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-ல் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கோடு தனக்குள்ளேயே வளையும்படி வெட்டப்பட்டிருந்தது. ஊசி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எழுந்து போய் நீங்கள் எடுத்தால்தான் முடியும். முடிப்பது யார் என்ற கேள்விக்கு எவ்வளவு நேரடியான பதில்! வெடுக்கென்று அறுத்து நிறுத்துவதும் நேர்மையானதுதான். எனக்குப் பொறுக்காதது மெதுவாகத் தேய்ந்து மறைவது, ஃபேட்-அவுட். நான் மிகவும் விரும்பும் ஒரு கேசட் இருக்கிறது. பக்கம் முழுக்க அசையாத, அடர்த்தியான சுவர். கடைசி நிமிடத்தில் அது தேய்கிறது. தேயத் தேய, இது எங்கேயோ விலகிப் போகிற பொருள் என்று ஆகிவிடுகிறது. அசையாமல் நிற்பதுதான் அதன் முழு பலமும். அதைக் கடைசி நிமிடத்தில் கைவிட்டுவிட்டார்களே என்று ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். மிகவும் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பை வைத்து இந்த ஆல்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதில் பொரியல் நீரில் கரைந்ததுபோல ஆகிவிடும். இன்னொன்று, காது. 85 டெசிபெல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் குறைவாக வைத்தே தொடங்குங்கள். வணக்கம்.