கண்ணாடிச் சுவரும் ஓக் மரமும்

பெருமதிப்பிற்குரிய தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, சனிக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கையே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, விடியற்காலையிலேயே எழுந்து நமக்கெல்லாம் பொங்கலும் வடையும் செய்து போட்ட சகோதர சகோதரிகளே, ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். சரி, மரம் வைத்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு? அந்த வீட்டை வாங்கிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். தரை, மரம் என்று இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

இங்கே பலர் ஐக்லர் வீட்டில் குடியிருக்கிறீர்கள். ஜோசப் ஐக்லர் 1940களின் கடைசியில் கட்டத் தொடங்கி, கலிபோர்னியாவில் சுமார் 11,000 வீடுகள் கட்டினார். நிறத்தையும் இனத்தையும் பார்க்காமல் விற்றார். அந்தக் கொள்கையை ஏற்காத வீடு கட்டுவோர் சங்கத்திலிருந்து 1958-ல் விலகியே போனார். நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவர். கதவைத் திறந்தால் பல வீடுகளில் வானம் தெரியும் முற்றம். என் அம்மா முதல் நாள் உள்ளே நுழைந்ததும், “அட, நம்ம வீட்டு முற்றம்!” என்றார். பின்பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் தோட்டமும் வீட்டின் ஓர் அறைதான். தோட்டத்தைக் கெடுத்துவிட்டு வீட்டை மட்டும் பழையபடி ஆக்குகிறேன் என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

முதலில் தரை. அந்தக் காலத்து முற்றங்களில், கூழாங்கல் மேலே தெரியும்படி போட்ட கான்கிரீட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இடையில் ரெட்வுட் என்னும் கலிபோர்னிய மரத்தில் சட்டம் வைத்திருப்பார்கள். அறுபது வருடத்தில் சட்டம் உளுத்துப்போகும். ஒப்பந்தக்காரர் உடனே மொத்தத்தையும் உடைக்கச் சொல்வார். உடைக்காதீர்கள். சட்டத்தை மட்டும் பெயர்த்தெடுத்துப் புதுச் சட்டம் வைக்கலாம். அப்புறம், கண்ணாடியை ஒட்டி மண்ணை உயர்த்தாதீர்கள். வீட்டுத் தரையே தாழ்வு, மழைத் தண்ணீர் நேராக உள்ளே வந்துவிடும்.

இனி மரம். என் வீட்டுப் பின்புறம் ஒரு ஓக் நிற்கிறது. அதை யாரும் வைக்கவில்லை, அது வீட்டுக்கும் மூத்தது. நாங்கள் வாங்கியபோது அடிமரம் வரைக்கும் புல்வெளி இருந்தது. அம்மா திருமங்கலத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்தார். ஜூன் மாதம், சொட்டு மழை இல்லை. “ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய மரம் காயுதே, பாத்துக்கிட்டு இருக்கியா?” என்றார். மறுநாளிலிருந்து அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர் எல்லாம் வாளி வாளியாக அதன் காலடிக்குப் போயிற்று. மாலையில் குழாயும் பிடிப்பார். கேட்டால், “மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்க. வச்சவன் இல்ல, நான் ஊத்துறேன்” என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் அடிமரத்தைச் சுற்றித் தேன் நிறத்தில் காளான் கூட்டம் முளைத்தது. மர வைத்தியர் ஒருவரை அழைத்தேன். அவர் மண்டியிட்டு, வெறும் கையால் மண்ணை ஒதுக்கி, ஒரு சின்னக் கத்தியால் பட்டையை விலக்கினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, காய்ந்த தோசைமாவு மாதிரி ஒரு படலம். பக்கத்தில் போனால் காளான் வாசனை. “இந்த மரம் கோடை வறட்சிக்கே பழகியது. காலடியில் தினமும் ஈரம் இருந்தால் வேர் அழுகும்” என்றார்.

நான் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். “பசிக்காத பிள்ளைக்கு ஊட்டிட்டேன் போல” என்றார். அன்றோடு வாளி நின்றது. புல்லை எடுத்தோம், வேர் விரியும் இடத்தை மண் மூடாமல் திறந்து வைத்தோம், அதன் சருகையே தள்ளிப் பரப்பினோம். ஒரு பெரிய கிளை போயிற்று. மரம் நிற்கிறது. இப்போது அம்மா தொலைபேசியில் என்னை விசாரிப்பதற்கு முன்னால் மரத்தைத்தான் விசாரிக்கிறார்.

இதை இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 வறட்சியில், நகரங்கள் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவிட்டார். புல் காய்ந்தது. பலர் பிளாஸ்டிக் புல்லுக்கு மாறினார்கள். தண்ணீர் மிச்சம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்காக ஜல்லி கொட்டி, இயந்திரம் வைத்து அமுக்குகிறார்கள். வேருக்கு மூச்சுத் திணறுகிறது. வெயிலில் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் குழந்தை வெறுங்காலோடு நிற்க முடியாது. வட கலிபோர்னியாவின் சோனோமாவில், தோட்ட வடிவமைப்பாளர் தாமஸ் சர்ச் 1948-ல் அமைத்த டோனல் தோட்டத்தில், மரத்தளத்தில் ஓட்டை விட்டு ஓக் மரங்களை அப்படியே நிற்க வைத்தார்கள். இந்தப் பாணித் தோட்டங்களுக்கே அதுதான் முன்மாதிரி. அதைத்தான் நாம் பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டிருக்கிறோம்.

நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பிளாஸ்டிக் புல்லைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டம் 2023-ல் நகரங்களுக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறது. முழுத் தடை இப்போது முடியாது என்றால், ஓக் கிளை நிழல் விழும் எல்லைக்குள் மட்டுமாவது தடுங்கள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், உண்மைதான். இந்த மரத்துக்கு நவம்பரில் மழை ஊற்றும். அதுவரை காலடியை மூடாமல் விட்டால் போதும்.

நேரமாகிவிட்டதாகத் தலைவர் கைகாட்டுகிறார். வாசல் மேசையில் கோரிக்கைத் தாள் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பக்கத்துக் கூடையில் எங்கள் மரத்துக் கொட்டைகள் இருக்கின்றன, ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்குப் பிறகு படுக்கை வாட்டில் ஊன்ற வேண்டும், அணில் தோண்டாதபடி மேலே கம்பி வலை போடுங்கள். நன்றி, வணக்கம்.